சிவஞானசித்தியாரின் இறையுண்மை வாதம்: ஒரு மறுநோக்கு

கடவுள் உண்டா இல்லையா என்னும் வினா மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். தருக்க நெறிநின்று இதற்கு விடைகாண முயன்ற தமிழ் நூல்களுள் தலையாயவை, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரின் சிவஞானபோதமும் அவர்தம் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியாருமாம். ஈழத்துச் சைவ மரபிற்கும் இந்நூல்களுக்குமுள்ள தொடர்பு நெருக்கமானது. சித்தியாருக்கு உரைகண்டோருள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவரும் ஒருவர். எனினும், இந்நூல்கள் பற்றி எழுதப்படுவனவற்றுட் பல, குடத்துக்குக் குயவன்போல உலகுக்கு இறைவன் என்ற உவமையைக் கூறி, அத்துடன் இறையுண்மை நிறுவப்பட்டதாக அமைந்துவிடுகின்றன. உவமை விளக்கத்துக்கு உதவும், அதுவே நிரூபணமாகிவிடாது. சித்தாந்த வாதத்தின் முழுச்சுமையையும் தாங்கி நிற்பது எது என்பதே ஈண்டு ஆராயப்பட வேண்டியது.

சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம், ஆண் பெண் அஃறிணை எனச் சுட்டியறியப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்கும் இயல்பினது. ஆதலின் அதனைத் தொழிற்படுத்துவான் ஒருவன் உளன். எல்லாவற்றையும் ஒடுக்குபவன் எவனோ அவனே மீளத் தோற்றுவிப்பவன் என நிறுவ முனைகிறது. சித்தியார் சுபக்கம் இதனை எதிர்வாதங்களுக்கு விடைகூறும் முறையில் விரிக்கின்றது. உலகம் அநாதியாய் நிலைபெற்றது என்றும், தோற்றமும் மறைவும் பொருள்களின் இயல்பே என்றும் உலகாயதர் கூறுவர். இயல்பாயின் மாற்றம் கூடாது; பூதங்கள் சடமாதலின் தாமே தொழிற்படா; எனவே செலுத்துவோன் வேண்டும் என்பது அருணந்தியாரின் விடை.

இவ்விடத்தில் மேலைநாட்டு வாதங்களிலிருந்து சித்தாந்தம் வேறுபடுமாறு மனங்கொள்ளத்தக்கது. சித்தாந்தத்தில் உயிர்களும் மாயையும் இறைவனைப் போலவே அநாதியானவை. மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்ற பகுப்பில், மாயை மண்ணாகவும் இறைவனின் சத்தி தண்டு சக்கரமாகவும் இறைவன் குயவனாகவும் கொள்ளப்படுகின்றனர். சூனியத்திலிருந்து உலகைப் படைத்தவன் என்ற கருத்துக்கு இங்கு இடமில்லை. ஜேர்மனிய மெய்யியலாளரான இமானுவேல் காண்ற் 1781இல் வெளியிட்ட தமது நூலில், உலகின் ஒழுங்கமைப்பிலிருந்து கடவுளை ஊகிக்கும் வாதம் வெற்றிபெறினும், முன்னரே உள்ள பொருளை உருப்படுத்தும் ஒரு சிற்பியையே அது காட்டும். படைப்போனைக் காட்டாது என்றார். கிறித்தவ இறையியலுக்கு இது கடுந்தாக்குதல். சித்தாந்திக்கோ இது குறையன்று. அவன் நிறுவ விரும்பியதும் அத்தகைய நிமித்தகாரணனையே.

ஆயின், வேறிரு தடைகள் எளிதில் அகல்வனவல்ல. முதலாவது, பகுதிக்கும் முழுமைக்குமுள்ள தொடர்பு பற்றியது. உலகத்துப் பொருள்கள் ஒவ்வொன்றும் தோன்றி மறைவது காட்சி. உலகம் முழுவதும் ஒருங்கே ஒடுங்கும் என்பதோ காட்சியன்று, அனுமானம். 1948இல் பி.பி.சி. வானொலியில் கொப்பிள்ஸ்ரன் அடிகளாருடன் நிகழ்த்திய விவாதத்தில் பேட்ரண்ட் ரசல் எழுப்பிய தடை இவ்விடத்தும் பொருந்தும். மனிதர் ஒவ்வொருவருக்கும் தாய் உண்டு என்பதனால் மனித குலத்துக்கு ஒரு தாய் உண்டு என்று முடிவுகட்டலாகாது என்பதே அவர் வாதம். சர்வ சங்காரத்தை ஏலவே ஏற்றுக்கொண்டவனுக்கு முதற் சூத்திரம் வலிமையுடையது. ஏற்காதவனுக்கு அங்கேயே வழி அடைபடுகின்றது.

இரண்டாவது தடையை எழுப்பியவர் 7ஆம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி. மண்ணாலான உருவம் என்ற ஒரே காரணத்தால் குடத்துக்குக் குயவனைக் கொள்வதாயின், புற்றுக்கும் குயவனைக் கொள்ள வேண்டிவரும் என்றார் அவர். குயவன் குடம் வனைவதைக் கண்டிருக்கிறோம். ஆகவே குடத்தைக் கண்டவிடத்துக் குயவனை ஊகிக்கிறோம். உலகம் வனையப்பட்டதைக் கண்டார் எவருமிலர். அருணந்தியார் உலகாயதனுக்குக் கூறிய விடை இத்தடையை முற்றாக நீக்கவில்லை என்றே கூறவேண்டும்.

அவ்வாறாயின் சித்தாந்த வாதம் வீழ்ந்துவிட்டதா? இல்லை. அதன் உண்மையான வலிமை குயவனிடத்தில் இல்லை; வினைக்கோட்பாட்டிலேயே உண்டு. சித்தாந்தம், உலகம் எவ்வாறு உண்டாயிற்று என்பதோடு அமையாது எதற்காக உண்டாயிற்று என்றும் வினவுகிறது. உயிர்கள் வினைப்பயனை நுகர்ந்து மலம் பரிபாகமடைதற்பொருட்டே உடலும் உலகும் தரப்படுகின்றன. வினையோ சடம், தன்னைச் செய்தவனைத் தேடிச்சென்று பயன்கொடுக்க அதனால் இயலாது. பெரியபுராணத்துச் சாக்கிய நாயனார் பௌத்த நெறியைச் சார்ந்திருந்த காலத்தே சிவனே பரம்பொருள் எனத் தெளிந்தவர். வினை, வினைசெய்வோன், பயன் என்பவற்றுடன் பயனைக் கூட்டுவிப்போன் என்ற நான்காம் பொருளும் வேண்டும் என்பதே அவர் தெளிவு. சைவத்துக்கும் பௌத்தத்துக்குமிடையிலான வேறுபாடு முழுவதும் இந்த நான்காம் பொருளில் அடங்கியிருக்கிறது எனலாம்.

இலங்கைச் சூழலில் இது வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று. வினையையும் மறுபிறப்பையும் ஏற்கும் இரு சமயங்கள் இங்கு அயலயலாக வாழ்கின்றன. ஒன்று கடவுளை வேண்டும், மற்றது வேண்டாது. பேராதனைப் பேராசிரியர் குணபால தர்மசிறியின் 1974ஆம் ஆண்டு நூல் பௌத்த நோக்கில் கிறித்தவக் கடவுட் கொள்கையை விமர்சித்தது. படைப்புப் பற்றிய பௌத்த மறுப்புகளிற் பல சித்தாந்தத்தைத் தீண்டா. ஆனால், விதைத்தது முளைப்பதற்கு ஓர் ஆள் வேண்டியதில்லை. வினையும் அவ்வாறே தன் நியதியால் விளையும் எனப் பௌத்தன் கூறுமிடத்துச் சித்தாந்தி விடையிறுத்தே ஆகவேண்டும்.

இவ்விடத்துச் சிவஞானபோதம் தரும் உவமை நுணுகி நோக்கத்தக்கது. உழுவோர் உழைப்புக்கேற்ற விளைவை விளைநிலம் தருவது போல, இறைவன் விருப்பு வெறுப்பின்றி அவரவர் வினைப்பயனைத் தருகின்றான் என இரண்டாஞ் சூத்திரத்து உதாரண வெண்பா கூறும். இறைவனின் நடுவுநிலையை விளக்க இதனினும் சிறந்த உவமை அரிது. ஆனால் நிலம் சடப்பொருள். நிலம்போல் நடுவுநின்று பயன்தருவதே தொழிலாயின், அறிவுடைய ஒருவன் எதற்கு என்று பௌத்தன் கேட்கலாம். இறைவன் பயன் தருவது நீதியால் மட்டுமன்று, உயிர் பக்குவமடைய வேண்டும் என்ற அருளாலுமாம். அருள் சடத்துக்கு இல்லை என்பதே சித்தாந்தம் தரத்தக்க விடை. அருளை அனுபவத்திற் கண்டவனுக்கு இவ்விடை நிறைவளிக்கும். காணாதவனுக்கு இதனை அனுமானத்தால் மட்டும் நிறுவிக்காட்டல் இயலாது.

இவ்வெல்லையை மெய்கண்டார் அறியாதவரல்லர். சுட்டியறியப்படுவன யாவும் அழியும் இயல்பின. எவ்வாற்றானும் அறியப்படாதது இல்பொருள். சிவம் இவ்விரண்டுமன்று என்பது ஆறாஞ் சூத்திரத்தின் கருத்து. அனுமானம் காட்டும் பொருள்களுள் ஒன்றாக இறைவனை நிறுத்திவிட முடியாது என்பது இதனாற் பெறப்படும். சித்தியாரும் காட்சி, அனுமானம் என்பவற்றோடு ஆகமத்தையும் அளவையாகக் கொண்டே வாதத்தைத் தொடங்குகிறது.

எனவே, முதற் சூத்திரத்தைத் தனியே பிரித்தெடுத்து எவரும் மறுக்கவொண்ணாத நிரூபணமாகக் காட்டுவது அந்நூலுக்குப் பெருமை சேர்ப்பதாகாது. தம் கொள்கையைச் சுபக்கத்தில் நிறுவுமுன் பரபக்கத்தில் உலகாயதர், பௌத்தர் முதலிய 14 மதத்தினரின் கொள்கைகளை எடுத்துரைத்து மறுத்தவர் அருணந்தியார். எதிர்வாதியின் குரலை முதலிற் கேட்பது அவர் நெறி. இன்று அவர் நூலைப் பயில்வோர் தர்மகீர்த்தியையும் காண்ற்றையும் ரசலையும் பரபக்கத்தில் சேர்த்துப் பயில்வதே அந்நெறியைத் தொடர்வதாகும்.