ஸ்நோ ஃபாலிங் ஆன் சீடர்ஸ் – திறனாய்வு

ஸ்நோ ஃபாலிங் ஆன் சீடர்ஸ், அமெரிக்க எழுத்தாளர் டேவிட் கட்டர்சன் எழுதி 1994-இல் வெளிவந்த ஆங்கில நாவல். 1995-இல் பென்/ஃபாக்னர் விருது பெற்றது. 1999-இல் ஸ்காட் ஹிக்ஸ் இயக்கத்தில் திரைப்படமானது. கட்டர்சன் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். கதை நடக்கும் சான் பியட்ரோ கற்பனைத் தீவு. ஆனால் பெயின்பிரிட்ஜின் வரலாறு அதில் நிறையக் கலந்திருக்கிறது.

1954 செப்டம்பரில் மீனவர் கார்ல் ஹைன் கடலில் இறந்து, தம் வலையிலேயே சிக்கிக் கிடக்கிறார். தலையில் ஒரு காயம். பிணத்தைப் பரிசோதிப்பவர் பசிபிக் போர்முனையில் பணியாற்றியவர். ஜப்பானியர் துப்பாக்கிக் கட்டையால் அடித்த காயங்கள் இப்படித்தான் இருக்கும் என்று ஷெரீப்பிடம் சொல்கிறார். அந்த ஒரு சொல்லே விசாரணைக்குத் திசை காட்டிவிடுகிறது. கார்லின் பால்ய நண்பரும் மீனவருமான கபுவோ மியாமோட்டோ கைதாகிறார். அவர் அமெரிக்காவில் பிறந்தவர். அமெரிக்கப் படையில் சேர்ந்து ஐரோப்பாவில் ஜெர்மானியருடன் போரிட்டவர். கார்லின் தாய் எட்டாவோ ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர். தீவில் யாருக்கும் எட்டா அந்நியராகத் தெரிவதில்லை.

வழக்கின் வேர் ஏழு ஏக்கர் ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் இருக்கிறது. குடியுரிமை பெற இயலாத அயல்நாட்டார் நிலம் வாங்குவதை வாஷிங்டன் மாநிலம் 1921-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. ஜப்பானிலிருந்து வந்த முதல் தலைமுறையினருக்கு 1952 வரை குடியுரிமை பெற வழியே இல்லை. அதனால் கபுவோவின் தந்தை, மூத்த கார்லிடம் குத்தகை என்ற பெயரில் தவணை கட்டி வருகிறார். மகன் வயதுக்கு வந்ததும் நிலத்தை அவன் பெயரில் மாற்றிக்கொள்வதாக வாய்ப்பேச்சு. இரண்டு தவணை பாக்கி இருக்கும்போது, 1942-இல் தீவின் ஜப்பானியக் குடும்பங்கள் முகாமுக்கு அனுப்பப்படுகின்றன. மூத்த கார்ல் இறந்ததும் எட்டா நிலத்தை வேறொருவருக்கு விற்றுவிடுகிறார். கட்டிய பணத்தைத் திருப்பி அனுப்பவும் செய்கிறார். கணக்குப் புத்தகப்படி அவர்மேல் தவறே சொல்ல முடியாது. நாவலின் மிகச் சிறந்த பகுதி என்று நான் கருதுவது இதைத்தான். கல்லெறிபவர்களைக் காட்டி வெறுப்பைச் சித்திரிப்பது எளிது. ரசீதோடு வரும் வெறுப்பை எழுதுவது கடினம்.

மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய இன்னோர் இடம் கபுவோவின் பொய். அன்றிரவு நடுக்கடலில் மின்கலம் தீர்ந்து நின்ற கார்லுக்கு அவர் உதவியிருக்கிறார்; நிலத்தைத் தருவதாகக் கார்லும் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் கைதானதும், கார்லைப் பார்க்கவே இல்லை என்கிறார். உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்ற முன்னனுபவம் அவரைப் பொய் சொல்ல வைக்கிறது. அந்தப் பொய்யே பிறகு அவருக்கு எதிரான சாட்சியாகிறது. நீதிமன்றத்தில் அவர் நிமிர்ந்து அசையாமல் உட்கார்ந்திருப்பதைக்கூட ஊரார் கல்நெஞ்சத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். அழுதிருந்தால் நடிப்பு என்றிருப்பார்கள். வகுப்பில் ஒரு பேனா காணாமல் போனால் எல்லார் பார்வையும் புதிதாகச் சேர்ந்த பையன் மேல் திரும்புவதை ஆசிரியராக இருந்த யாரும் கண்டிருப்பார்கள். அந்தப் பையன் எப்படி நின்றாலும் குற்றவாளிபோலத்தான் தெரிவான்.

உண்மை வரலாறு நாவலைவிடச் சற்று வெளிச்சமானது. 1942 மார்ச் 30 அன்று பெயின்பிரிட்ஜிலிருந்து 227 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அமெரிக்காவில் இவ்வாறு முதலில் வெளியேற்றப்பட்ட சமூகம் அதுவே. உள்ளூர்ச் செய்தித்தாளான பெயின்பிரிட்ஜ் ரிவ்யூவை நடத்திய வால்ட், மில்லி வுட்வர்ட் தம்பதியர் அதை வெளிப்படையாக எதிர்த்தனர். முகாமிலிருந்து எழுதிய தீவுக்காரர்களின் செய்திகளையும் தொடர்ந்து வெளியிட்டனர். நாவலில் வரும் பத்திரிகையாசிரியர் ஆர்தர் சேம்பர்ஸ் இவர்களின் சாயலில் அமைந்தவர்.

ஆர்தரின் மகன் இஷ்மயேல் போரில் ஒரு கையை இழந்தவர்; கபுவோவின் மனைவி ஹட்சுயேவை ஒரு காலத்தில் காதலித்தவர். அன்றிரவு அவ்வழியே ஒரு சரக்குக் கப்பல் சென்றது என்பதற்கான கலங்கரை விளக்கக் குறிப்பு அவர் கையில் கிடைக்கிறது. அதன் அலையில் கார்ல் தவறி விழுந்திருக்கலாம். அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் சும்மா இருக்கிறார். அவரிடம் இனவெறி இல்லை. ஆறாத காதல் புண்தான். ஆனால் சிறையில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

குறை என்று சொன்னால், கதையின் பெரும்பாரம் இஷ்மயேலின் மனப்போராட்டத்தின்மேல் ஏற்றப்படுகிறது. உயிர் ஊசலாடும் கபுவோவுக்குப் பக்கங்கள் குறைவு. ஜப்பானியர் ஒருவரின் விடுதலை, வெள்ளையர் ஒருவர் மனம் மாறுவதற்காகக் காத்துக் கிடக்கிறது. திரைப்படத்தில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும். பனிக்காட்சிகள் மட்டும் மிக அழகு.

ஜூரிகள் 12 பேரில் 11 பேர் கபுவோ குற்றவாளி என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் இசையவில்லை. அவர்கள் மீண்டும் கூடிப் பேசுவதற்குள் இஷ்மயேலின் தாள் வந்து வழக்கு தள்ளுபடியாகிறது. அந்த 11 பேரும் பனி உருகியபின் கடைத்தெருவில் கபுவோவை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதைக் கட்டர்சன் எழுதவில்லை.