கல்லூரி விளையாட்டும் தொலைக்காட்சிச் செல்வமும்

ஐக்கிய அமெரிக்காவிலே 'பெரும்பத்து' எனப் பெயரிய கல்லூரி விளையாட்டு மகாநாட்டில் 2024ஆம் ஆண்டு முதல் 18 பல்கலைக்கழகங்கள் உள்ளன. 'பெரும்பன்னிரண்டு' என்பதில் அவ்வாண்டு முதல் உள்ளவை 16. 'பசிபிக் பன்னிரண்டு' என்பதோ 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளின் உதைபந்தாட்டப் பருவங்களிலும் இரண்டே கல்லூரிகளோடு பெயரளவில் நின்றது. எண்கணிதம் கற்பிக்கும் நிறுவனங்கள் தம் பெயரிலுள்ள எண்ணைக் காக்க மாட்டாதொழிந்தன என நகையாடத் தோன்றும். ஆயின் அப்பெயர்கள் கவனக்குறைவால் எஞ்சியவையல்ல. பழைய பெயருக்குச் சந்தையில் விலை உண்டு. ஆதலின் பொருள் மாறினும் பெயர் மாறாது காக்கப்படுகின்றது. இச்சிறு முரண்பாட்டிலே முழு வரலாறும் அடங்கியுள்ளது.

மகாநாடு என்னுஞ் சொல் ஈண்டுக் கூடிக் கலையும் அவையைக் குறிப்பதன்று. ஒரு பகுதியிலுள்ள கல்லூரிகள் பொது விதிகளுக்குட்பட்டு ஆண்டுதோறும் தம்முள் ஆடுதற்கென அமைத்துக்கொண்ட நிலையான கூட்டையே அமெரிக்கர் அவ்வாறு வழங்குவர். அங்கு உதைபந்தாட்டம் என்பதும் காலாற் சிறிதும் கையாற் பெரிதும் ஆடப்படுவது. றகர் ஆட்டத்துக்கு நெருங்கிய உறவினது. பணம் ஈட்டுவதில் அதுவே தலைமையானது. கூடைப்பந்தாட்டம் அடுத்து வருவது. ஏனையவை பெரும்பாலும் செலவினங்களே.

1895ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரில் ஏழு பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் கூடினர். கல்லூரி விளையாட்டு அந்நாளிலே கட்டுக்கடங்காதிருந்தது. மாணவரல்லாதார் மாணவர் எனக் களமிறங்கினர். கூலி பெற்று இன்று ஒரு கல்லூரிக்கும் நாளை வேறொன்றுக்கும் ஆடினாரும் உளர். இதனைத் தடுத்தற்கே, முறையாகப் பயில்பவரும் படிப்பிற் பின்தங்காதவருமே ஆடலாம் என விதித்தனர். அடுத்த ஆண்டில் உருப்பெற்ற அவ்வமைப்பின் முறையான பெயர் நெடுங்காலம் 'ஆசிரியப் பிரதிநிதிகளின் கல்லூரியிடை மகாநாடு' என்பதாகும். பெரும்பத்து என்பது மக்கள் வழங்கிய பெயர். விளையாட்டை வளர்த்தற்கன்றி அதனைப் படிப்பின் எல்லைக்குள் அடக்குதற்கே ஆசிரியர்கள் அமைத்த சபை அது என்பது இன்றைய விவாதங்களிற் பெரிதும் மறக்கப்பட்டுவிட்டது.

அச்சபை வெறும் அலங்காரமாகவும் இருந்ததில்லை. ஆட்டத்தில் உயிரிழப்புகள் மலிந்த காலத்தை அடுத்து, 1906இலே ஒரு பருவத்தில் ஐந்து ஆட்டங்களுக்கு மேல் ஆடலாகாதென அது வரையறுத்தது. வருவாய் குறையும் என்பது அறிந்தே செய்த செயல் அது. மிச்சிக்கன் பல்கலைக்கழகம் இக்கட்டுப்பாடுகளைப் பொறாது விலகிப் போய் 1917இலேயே மீண்டு வந்தது. சிக்காகோப் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே சென்று, 1939இல் உதைபந்தாட்டத்தையே கைவிட்டு, 1946இல் மகாநாட்டை விட்டும் நீங்கியது. அதன் மைதான மேடைகளின் கீழேதான் 1942 டிசம்பர் 2ஆம் நாள் அணுவின் தொடர்பிளவு முதன்முதல் கட்டுப்பாட்டோடு நிகழ்த்தப்பட்டது. மைதானம் இருந்த இடத்தில் இன்று நூலகம் நிற்கின்றது. விளையாட்டைத் துறந்தமையாற் பல்கலைக்கழகம் சிறுத்துப் போகும் என்று கூறுவார்க்குச் சிக்காகோவின் கல்விப் புகழே விடையாகும்.

பழைமையை இவ்வாறு கூறுதலால் அது மாசற்றது எனக் கொள்ளற்க. கல்லூரி விளையாட்டை வாணிபம் பற்றிக்கொண்டது என்னும் முறைப்பாட்டைக் கார்ணகி நிறுவனம் 1929இலேயே விரிவான அறிக்கையாக வெளியிட்டது. பல்லாயிரவர் அமரும் மைதானங்கள் தொலைக்காட்சி தோன்றுமுன்னரே எழுந்தவை. ஆகவே மரபும் பணமும் எதிரெதிர் நின்று பொருதன எனல் பொருந்தாது. அவை தொடக்கமுதல் ஒரே வீட்டில் வாழ்ந்தவை. வேறுபாடு யாதெனின், முன்பு பணம் கொடுத்தோர் அயலிலே வாழ்ந்து, நுழைவுச் சீட்டு வாங்கி, நேரில் வந்து அமர்ந்தோர். அவர்கள் விரும்பியது பக்கத்து ஊர்க் கல்லூரியோடு நிகழும் ஆட்டம். பணம் வந்த திசையும் பாசம் நின்ற திசையும் ஒன்றாயிருந்தன.

அவ்விரண்டையும் பிரித்தது 1984ஆம் ஆண்டின் தீர்ப்பு. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், வீட்டிலிருந்தே காண வாய்ப்பிருப்பின் மைதானங்கள் வெறுமையுறும் என அஞ்சி, ஒவ்வொரு கல்லூரியும் தொலைக்காட்சியில் எத்தனை முறை தோன்றலாம் என்பதை 1950கள் தொட்டு வரையறுத்து வந்தது. ஒக்லஹோமா, ஜோர்ஜியாப் பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில், இவ்வரையறை வாணிபப் போட்டியைத் தடுக்கும் சட்டவிரோதச் செயல் என ஐக்கிய அமெரிக்க மீயுயர் நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்னும் பெரும்பான்மையால் தீர்த்தது. மறுத்துரைத்த இருவருள் ஒருவரான நீதியரசர் பைரன் வைற் இளமையிற் கொலராடோப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். கல்லூரி விளையாட்டை வெறும் வாணிபமாக நீதிமன்றம் கருதியது தவறு என்பதே அவர் வாதம். சட்ட நுணுக்கத்திற் பெரும்பான்மையோர் கூற்று வலியதாகலாம். பின்விளைவை நோக்குங்கால் வைற் கண்ட அச்சம் வீணன்று.

தீர்ப்பின்பின் ஒளிபரப்பு உரிமையை விற்பனை செய்யும் வணிகராக மகாநாடுகள் மாறின. 2007இலே பெரும்பத்து தனக்கெனக் கம்பிவழித் தொலைக்காட்சி ஒன்றைத் தொடக்கியது. இதன் வருவாய் வரும் வழி கருதற்குரியது. மகாநாட்டின் உறுப்புக் கல்லூரி உள்ள மாநிலத்தில், கம்பி இணைப்புப் பெற்ற வீடுகளிலிருந்து மாதந்தோறும் ஒரு சிறு தொகை அதற்குச் சேரும். ஏனைய மாநிலங்களில் அத்தொகை மிகக் குறைவு. ஆட்டத்தைப் பார்ப்பவரும் கொடுப்பர், பாராதவரும் கொடுப்பர். எனவே புதிய உறுப்பினரைத் தேருங்கால், அக்கல்லூரி எத்தகையது என்பதினும், அதன் அயலில் எத்தனை இலட்சம் வீடுகள் உள்ளன என்பதே முதல் வினாவாயிற்று. 2014இலே மேரிலாந்தும் நியூ ஜேர்சியின் றட்கேர்சும் சேர்க்கப்பட்டமைக்கு வாஷிங்டன், நியூயோர்க் நகரங்களின் வீடுகளே முதற் காரணம் என்பது வெளிப்படை. 1869இலே பிறின்ஸ்ரனோடு முதலாவது கல்லூரியிடை உதைபந்தாட்டத்தை ஆடிய பெருமை றட்கேர்சுக்கு உண்டு. ஆயின் அதனைச் சேர்த்தது அப்பெருமைக்காக அன்று.

பின்னர் மக்கள் கம்பி இணைப்பைத் துண்டிக்கத் தொடங்கினர். வீடுகளை எண்ணும் கணக்குத் தளர்ந்தது. பெரும்பெயர்க் கல்லூரிகள் மோதும் ஆட்டங்களே விலைபோயின. இவ்வாறு விரிவுக்குரிய நியாயம் பத்தாண்டுக்குள்ளே மாறிவிட்டது. முதல் நியாயத்துக்காகச் சேர்ந்தவர்களோ அங்கேயே இருக்கின்றனர். 2022 யூன் மாதத்திலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இரு பெரும் பல்கலைக்கழகங்களும் பெரும்பத்திற் சேர்வதாக அறிவித்தன. இரு மாதங்களுள் அம்மகாநாடு மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களோடு ஏழாண்டு ஒப்பந்தம் செய்தது. அதன் பெறுமதி 700 கோடி டொலருக்கு மேல் எனப் பத்திரிகைகள் கூறின. 2023 ஆகஸ்டிலே ஒறெகனும் வாஷிங்டனும் அவ்வழியே சென்றன. வேறு நான்கு பெரும்பன்னிரண்டை நாடின. ஸ்ரான்போட்டும் பேர்க்கிலியும் அத்திலாந்திக் கரையோர மகாநாட்டிற் புகுந்தன. பசிபிக் கடற்கரையில் இருப்பன அத்திலாந்திக் கரையைச் சார்ந்தமை பூகோள ஆசிரியரைத் திகைக்கச் செய்யும்.

இதனைப் பேராசை என்று ஒரே சொல்லில் முடித்தல் எளிது, சரியன்று. ஸ்ரான்போட்டும் பேர்க்கிலியும் தொலைக்காட்சி வருவாயில் ஏனையோர் பெறும் பங்கினும் மிகக் குறைந்த பங்குக்கு இசைந்தே சேர்ந்தன. அவற்றோடு சேர்ந்த தென் மெதடிஸ்ற் பல்கலைக்கழகம் ஒன்பது ஆண்டுகளுக்கு அவ்வருவாயில் ஒரு சதமும் வேண்டாதே புகுந்தது. வெளியே விடப்படுவோம் என்னும் அச்சமே ஆசையினும் வலிதாக அவற்றைத் தள்ளியது. கலிபோர்ணியாவில் நேர்ந்தது இன்னும் விந்தை. லொஸ் ஏஞ்சல்ஸ் கிளை விலகியதாற் பேர்க்கிலிக் கிளைக்கு உண்டான இழப்பை ஈடுசெய்ய, ஆண்டுக்கு ஒரு கோடி டொலர் வீதம் முன்னது பின்னதற்குக் கொடுக்குமாறு, இரண்டுக்கும் பொதுவான ஆட்சிக்குழு 2024இலே பணித்தது.

விரிவை ஆதரிப்போர் கூறுவதில் உண்மை இல்லாமலில்லை. உதைபந்தாட்டத்தின் வருவாயே நீச்சல், மெய்வல்லுநர் ஆட்டம், பெண்கள் விளையாட்டு ஆகியவற்றைத் தாங்குகின்றது. பெண்களுக்குச் சமவாய்ப்பு அளித்தல் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த கடமையுமாகும். மேலும் மரபைப் போற்றுவோர் ஒன்றை விழுங்கிவிடுகின்றனர்: அவர்கள் புகழும் பழைய ஒழுங்கில், மைதானம் நிரம்ப ஆடிய மாணவன் தன் உழைப்பாற் குவிந்த செல்வத்தில் உரிய பங்கு பெற்றிலன். 2025 யூனிலே நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படியே, ஒவ்வொரு கல்லூரியும் அவ்வாண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலர் வரை ஆட்டக்காரர்க்கு நேரடியாகப் பகிர வழி பிறந்தது. தொலைக்காட்சிப் பணம் பெருகியிராவிடின் இந்நீதி இன்னும் தாமதித்திருக்கும் எனல் மிகையாகாது.

எனினும் ஏனைய விளையாட்டுகளைத் தாங்குதற்கே பணம் என்னும் வாதம் அவ்விளையாட்டுகளிடத்தேயே முறிகின்றது. உதைபந்தாட்டக் குழு வாரம் ஒருமுறை, பெரும்பாலும் சனிக்கிழமையில், ஆடும். கரப்பந்தாட்டமும் மென்பந்தாட்டமும் அவ்வாறல்ல. அவற்றில் ஆட்டங்கள் பல, வார நாள்களிலும் நிகழ்வன. லொஸ் ஏஞ்சல்சுக்கும் றட்கேர்சுக்கும் இடையே 2,400 மைல் தொலைவும் மூன்று மணி நேர வேறுபாடும் உள்ளன. தொலைக்காட்சி விலை கொடாத ஆட்டத்தை ஆடும் மாணவி, தொலைக்காட்சிக்காக நாட்டைக் குறுக்கே கடந்து, மறுநாள் வகுப்பில் அமர வேண்டும். படிப்பிற் பின்தங்கியவர் ஆடலாகாதென விதித்த சபையின் வழிவந்தோரே இவ்வேற்பாட்டைச் செய்தனர். ஆசிரியப் பிரதிநிதிகள் இன்றும் உளர். ஆயின் 2022, 2023ஆம் ஆண்டுகளின் பெரு முடிவுகள் பல்கலைக்கழகத் தலைவர்களாலும் விளையாட்டுப் பணிப்பாளர்களாலும் ஒளிபரப்பு நிறுவனங்களை நோக்கியே எடுக்கப்பட்டன.

வேறு வழியில்லை என்பதும் ஏற்கத்தக்கதன்று. நொத்தர் டாம் பல்கலைக்கழகம் உதைபந்தாட்டத்தில் எம்மகாநாட்டிலும் சேராது தனித்து நின்று, 1991 முதல் தனக்கெனத் தொலைக்காட்சி ஒப்பந்தமும் பெற்று, ஏனைய விளையாட்டுகளிற் பெரும்பாலானவற்றை 2013 முதல் அத்திலாந்திக் கரையோர மகாநாட்டில் ஆடிவருகின்றது. ஓர் ஆட்டத்தைப் பிரித்து வைத்தல் கூடும் என்பதற்கு இது கண்கூடு. பணந்தேடும் ஆட்டம் தன் வழியே நெடுந்தூரம் போகட்டும். மற்றையவை அயலாரோடு ஆடட்டும் என அமைப்பதற்குத் தடையாய் நிற்பது விதியன்று, விருப்பமின்மையே.

அயலாட்டம் என்பதன் மதிப்பை ரெக்சாஸ் காட்டும். ரெக்சாஸ் பல்கலைக்கழகமும் ரெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகமும் 1894இலே தொடங்கிய ஆட்டம் 2011இல் நின்றது. ரெக்சாஸ் தனக்கென 20 ஆண்டுக்கு 30 கோடி டொலர் பெறுமதியான தொலைக்காட்சி நிலையம் அமைத்தமை அயலாரை வெறுப்பித்தது. மற்றையது 2012இலே தென்கிழக்கு மகாநாட்டிற்குப் போயிற்று. பன்னிரண்டு பருவங்கள் ஆட்டமின்றிக் கழிந்தன. 2024இலே ரெக்சாசும் ஒக்லஹோமாவும் அதே மகாநாட்டிற் சேர, பழைய ஆட்டம் மீண்டது. ஆனால் அதே பெயர்ச்சியினால் ஒக்லஹோமாவுக்கும் ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் ஆண்டுதோறும் நிகழ்ந்த ஆட்டம் 2023ஓடு அற்றது. ஒரு கையாற் கட்டியதும் மறுகையால் அவிழ்த்ததும் ஒரே ஒப்பந்தமே; இரண்டில் எதுவும் மரபைக் கருதிச் செய்யப்பட்டதன்று.

பசிபிக் மகாநாட்டில் எஞ்சியவை கோர்வாலிசின் ஒறெகன் மாநிலப் பல்கலைக்கழகமும் புல்மனின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும். முன்னது 1915இல் அம்மகாநாட்டை நிறுவிய நான்கனுள் ஒன்று. இரண்டும் சிற்றூர்களில் உள்ளவை; பெருநகர் வீடுகளை விற்பனைக்குக் காட்ட அவற்றால் இயலாது. விலகிச் செல்வோர் பொதுச் சொத்தையும் ஆள முயன்றபோது இவை நீதிமன்றஞ் சென்று வென்றன. வாஷிங்டன் மாநிலத்தின் இரு பல்கலைக்கழகங்களும் 1900 முதல் ஆடிவந்த ஆட்டத்தை எந்த மகாநாடும் இனிக் காப்பதற்கில்லை என்றானபோது, அவை தாமே தமக்குள் ஐந்தாண்டு உடன்பாடு எழுதிக்கொண்டன. பருவத்தின் இறுதியில் நிகழ்ந்த அது செப்டெம்பருக்கு மாறியது. 2024இலே சியாற்றில் நகரில், கைவிடப்பட்ட புல்மன் அணி 24க்கு 19 என வென்றது.