கத்தி வைக்கமுன் கதைப்பது

சென்னையில் தங்கச்சியின் கணவருக்கு ஹெர்னியா ஒப்பரேசன் நடந்தபோது நான் துணைக்கு நின்றேன். வெளியே காத்திருந்த நேரம் அவருடைய தம்பி சொன்னார்: "அக்கா, உங்க சிலோன்ல டாக்டர் சொன்னா அப்படியே படுத்துக்குவாங்களாமே? இங்கல்லாம் எல்லாத்தையும் புரியவெச்சு, கையெழுத்து வாங்கினப்புறம்தான் கத்தியையே எடுப்பாங்க." நல்ல பிள்ளை, நோகடிக்கவென்று சொல்லவில்லை. ஆனாலும் சத்திரசிகிச்சை வாட்டில் தாதியாக நின்றே தலை நரைத்த எனக்கு அந்தக் கதை செமிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஹெர்னியாவோடு வந்த ஒரு ஆளை வாட்டில் மறித்தால் நாங்கள் முதலில் கேட்பது, "என்ன வருத்தம் எண்டு டொக்டர் சொன்னவர்?" என்பதுதான். "குடல் இறங்கிப் போச்சாம், மிஸி" என்பார். இறங்கிய குடல் அறுந்து விழுந்துவிடுமோ என்ற பயமும் அந்தச் சொல்லுக்குள் இருக்கும். சைக்கிள் ரயர் நைந்த இடத்தால் ரியூப் பிதுங்குகிற மாதிரி, வயிற்றுச் சுவர் பலவீனமான இடத்தால் குடல் பிதுங்குகிறது என்று சொன்னால் தோட்டக்காரருக்கு உடனே பிடிபடும். படுத்தால் ஏன் உள்ளே போகிறது, இருமினாலும் முக்கினாலும் ஏன் வெளியே வருகிறது என்று அதற்குப் பிறகு அவரே சொல்லிவிடுவார். உள்ளே போகாமல் இறுகி, நோவும் சத்தியும் வந்தால் விடியட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது, இறுகிய குடலுக்கு இரத்தம் ஓடாமல் அது அழுகிவிடும் என்பதை மட்டும் நாங்கள் அழுத்திச் சொல்லுவோம். வலை வைத்துத் தைப்பதைச் சொன்னால், "அந்த வலையைப் பிறகு கழட்டுவினமோ?" என்று கேட்காத ஆளில்லை. கழட்டுவதில்லை, அதற்குள்ளால் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும் என்று சொல்லவேண்டும்.

எல்லாம் சொல்லி முடித்தபிறகு, "சரி, இப்ப நீங்கள் சொல்லுங்கோ பாப்பம். வீட்டை போய் மனிசிக்கு என்ன சொல்லப் போறியள்?" என்று கேட்போம். அவர் திருப்பிச் சொல்லும்போதுதான் ஓட்டை எங்கே என்று தெரியவரும். ஒன்றும் சாப்பிடவில்லை என்று சத்தியம் பண்ணுகிறவர் விடியப்பறம் பால் தேத்தண்ணி குடித்திருப்பார். அவருக்குத் தேத்தண்ணி சாப்பாடு இல்லை. எங்களுக்குப் பால் விட்டால் அது சாப்பாட்டுக் கணக்கு, ஆறு மணித்தியாலம் போகவேண்டும். மயக்கத்தில் கிடக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து சுவாசப்பைக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று காரணத்தோடு சொன்னால் ஒருவரும் ஒளித்துக் குடிக்கமாட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒப்பரேசன் முடிந்து கிடப்பவரும் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஓம் தம்பி, மிஸி சொல்லுறது சரி" என்பார். அந்தச் சாட்சிக்கு இருக்கிற பலம் எங்கள் சொல்லுக்குக்கூட இல்லை.

சென்னைத் தனியார் மருத்துவமனையில் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதற்கென்று தனி மேசை இருந்தது. சிரித்த முகத்தோடு ஒரு பெண்பிள்ளை வழவழத்த தாளில் படம் போட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்ததைத் தந்தார். வீடியோவும் காட்டினார். அப்படி ஒரு தாள் எங்கள் வாட்டில் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். ஆனால் அவர் கதைத்ததில் பெரும்பங்கு மெஷ் எத்தனை வகை, எது என்ன விலை, எந்த அறை, பேக்கேஜில் எது சேரும், இன்சூரன்ஸ் எப்போது வரும் என்பதிலேயே போய்விட்டது. எங்கள் பெரியாஸ்பத்திரியில் நோயாளியிடம் பில் என்ற ஒன்றே இல்லாதபடியால் வருத்தத்தைப் பற்றிய கதை வருத்தத்தோடேயே நிற்கும். தமிழ்நாட்டிலும் அரச மருத்துவமனையில் காசு வாங்குவதில்லை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. ஆனால் சென்னை ஜி.எச். வாசலை ஆட்டோவில் கடந்தபோது கண்ட கூட்டத்துக்கு எங்கள் கிளினிக் கூட்டம் ஒரு மூலைக்குக் காணாது. அவ்வளவு பேருக்கும் ஆறுதலாக இருந்து சொல்ல எந்தத் தாதியால் முடியும்?

நியாயத்துக்கு அரவிந்தைச் சொல்லாமல் விடமுடியாது. 1976இல் மதுரையில் டொக்டர் ஜி. வெங்கடசாமி 11 கட்டில்களோடு தொடங்கிய கண் மருத்துவமனை அது. கிராமத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்றி, ஒப்பரேசனுக்கு வருகிறவரோடு இருந்து பேசுவதையே சிலருக்கு முழுநேர வேலையாகக் கொடுத்தார்கள். சட்டமும் இந்தியாவில் தெளிவாக இருக்கிறது. என்ன செய்யப்போகிறார்கள், எதற்கு, வேறு வழி உண்டா, ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கவேண்டும் என்று 2008இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

ஆனால் சத்திரசிகிச்சையைத் தமிழில் சொல்லப் பழகியது யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை. 1847இல் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் எங்கள் பெடியளுக்கு மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தார். 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலைக்குப் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் கிராமத்தில் நிற்பார்கள் என்பது அவருடைய கணக்கு. சத்திரசிகிச்சை நூலான 'இரண வைத்தியம்' 1867இல் வந்தது, 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல். நாங்கள் வாட்டில் கதைப்பதற்குப் பின்னால் அந்த மானிப்பாய் வகுப்பும் நிற்கிறது என்றே நான் நம்புகிறேன்.

சொற்களைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குச் சென்னையில் அலுக்கவேயில்லை. அவர்கள் அட்மிட் பண்ணுவார்கள், நாங்கள் மறிப்போம். அவர்களுக்கு டிஸ்சார்ஜ், எங்களுக்குத் துண்டு வெட்டுவது. ஒப்பரேசன் முடிந்தவரிடம் நாங்கள் "காத்துப் பறிஞ்சதோ?" என்று கேட்போம், சென்னைத் தாதி "கேஸ் பாஸ் ஆச்சா சார்? மோஷன் போனீங்களா?" என்றார். நகரம் முழுக்கத் தமிழ் நடமாடும் இடத்தில் இருந்துகொண்டு, நோயாளியின் கட்டிலடியில் ஏன் இவ்வளவு ஆங்கிலம்? எனக்கு அது மனவருத்தமாகவே இருந்தது. எங்கள் ஆட்களைக் கொழும்புக்கு அனுப்பினால் நிலைமை வேறு. இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு 1987இல் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. இருந்தும் அங்கத்தைய வாட்டில் தமிழ் தெரிந்த ஒருவர் அகப்படும்வரை வாய்பேசாமல் கிடந்த வன்னித் தாய்மாரை நான் அறிவேன். என்ன வெட்டினார்கள் என்று யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்து எங்களிடம் கேட்டறிந்தவர்களும் உண்டு. எங்களுக்குக் கேட்டும் கிடைக்காததைச் சென்னைக்காரர் கையில் வைத்துக்கொண்டு பாவிக்காமல் விடுகிறார்கள்.

சாப்பாட்டு விசயத்தில் மட்டும் இரண்டு கரையும் ஒன்றுதான். எங்கள் ஊரில் கத்தரிக்காய், இறால், சூரை எல்லாம் கிரந்தி, புண் ஆறாது என்பார்கள். சென்னையில் பருப்புச் சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்கிறார்கள். தையல் ஆறப் புரதம் வேண்டும். புரதத்தைத்தான் இரண்டு இடத்திலும் முதலில் நிறுத்துகிறார்கள். நாங்கள் இதை நோயாளிக்குச் சொல்லி மினக்கெடுவதில்லை. பார்க்கிற நேரத்தில் சாப்பாட்டுப் பாசலோடு வருகிற மனிசியையோ மாமியையோ பிடித்துவைத்துச் சொல்லுவோம். சமைக்கிறவருக்கு விளங்காவிட்டால் மற்ற ஒன்றும் வேலைக்காகாது.

சென்னை வீட்டிலும் ரசஞ்சோறுதான் போனது. "புரதச்சத்து மிக்க உணவு" என்று அச்சடித்த அந்தத் தாள், மருந்துச் சீட்டோடு பைலுக்குள் மடிந்து கிடந்தது. தங்கச்சியின் மாமியாரோடு குசினியில் இருந்து, புண் எப்படி மூடுகிறது, அதற்கு உடம்பு எதை எடுக்கிறது என்று சொன்னேன். அவர் ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டார். "அப்ப பாசிப்பருப்பு குடுக்கலாம்கிறே? முட்டையும்?" என்று தானே திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார். அடுத்த நாள் மகனுக்கு இரண்டும் போனது. பக்கத்து வீட்டில் சிசேரியன் முடிந்து வந்த பிள்ளையின் தாயைக் கூப்பிட்டு, அதே விளக்கத்தைத் தன்னுடைய சென்னைத் தமிழில் ஒன்றும் விடாமல் சொன்னார்.