சார்ஜ் யார் வீட்டின் மீது?

அடையாறில் பழைய பிளாட் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது வில்லங்கச் சான்றிதழைத்தான். ஈசி என்றால்தான் தரகருக்குப் புரியும். எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆவணத்தின் தன்மை என்று கட்டம் கட்டமாக வரும் அந்தத் தாளில் வங்கி அடமானம் இருக்கும், அதை அடைத்ததற்கான ரசீது இருக்கும், சில சமயம் கோர்ட் ஜப்தியும் இருக்கும். விவாகரத்து வழக்கில் இந்த வீட்டுக்காரம்மாவுக்கு அரசு வக்கீல் வைத்துக் கொடுத்தது, அந்தச் செலவு பாக்கி நிற்கிறது என்று மட்டும் ஒரு வரி இருக்காது.

இங்கிலாந்தில் அப்படி ஒரு வரி உண்டு. அங்கே அரசுச் சட்ட உதவி பெற்றவர் வழக்கின் மூலம் ஒரு சொத்தைப் பெற்றாலோ, இருந்த சொத்தைத் தக்கவைத்துக்கொண்டாலோ, செலவான தொகைக்கு அந்தச் சொத்தின் மீது சார்ஜ் விழும், அதாவது அந்தத் தொகையை அந்தச் சொத்திலிருந்தே வசூலிக்கும் உரிமை. சொத்து குடியிருக்கும் வீடென்றால் வசூலைத் தள்ளிவைக்கலாம். ஆனால் ஆண்டுக்கு 8 சதவீதம் தனிவட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டரை ஆண்டில் கடன் இரட்டிப்பாகிவிடும். நம் அடகுக்கடைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். வசூலிப்பது அரசாங்கம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹேன்லன் வழக்கு சாட்சி. மனைவி செவிலியர், கணவர் போலீஸ்காரர். வீட்டின் மதிப்பு சுமார் 14,000 பவுண்டு, அடமானம் போக மிஞ்சுவது சுமார் 10,000. வீடு மனைவிக்கே என்று தீர்ப்பானது. அவருக்காகச் சட்ட உதவி நிதி செலவழித்த தொகையோ 8,000 பவுண்டுக்கு மேல். வென்றது வீடா, வீட்டின் வாசற்படியா என்று கேட்கத் தோன்றும். சார்ஜ் செல்லும் என்றே 1980இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. வசூலை ஒத்திவைக்க வழியுண்டு என்பதுதான் அந்த அம்மாளுக்குக் கிடைத்த ஆறுதல்.

இங்கிலாந்துக்காரர் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. வாடகை வீட்டில் இருக்கிறவரின் வரிப்பணத்தில், சொந்த வீடு உள்ளவருக்கு ஏன் இனாமாக வக்கீல் வைக்க வேண்டும்? வழக்கால் கையில் சொத்து வந்தால் அதிலிருந்து திருப்பித் தரட்டுமே. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்ட உதவியைச் சுருக்கிய 2012ஆம் ஆண்டுச் சட்டம் 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு, கணவன் மனைவி வழக்குகளில் பெரும்பாலும் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குத்தான் அங்கே சட்ட உதவி. ஆக, இந்த வழக்குகளில் இன்றைக்குப் புதிதாக அந்தச் சார்ஜைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் அடிபட்டு வெளியே வந்தவர்கள். அடித்தவன் சொந்தக் காசில் வக்கீல் வைத்துக்கொள்கிறான். அடிபட்டவள் வீட்டில் வட்டி ஏறுகிறது. அங்கேதான் அந்த நியாயம் உடைகிறது.

நம் சட்டம் வேறு தடத்தில் போனது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று அமலுக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவுப்படி பெண் என்றால் போதும், வருமானம் பார்ப்பதில்லை. பெசன்ட் நகரில் சொந்த பிளாட்டும் ஐ.டி. வேலையும் உள்ளவரும் உயர் நீதிமன்ற வளாகத்துக்குப் போய் வக்கீல் கேட்கலாம். வேறு விலக்குகளில் வராத ஆணுக்குத்தான் வருமான வரம்பு. இது அதிகப்படி தாராளம் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். நான் ஒப்பவில்லை. மணமுறிவின் நடுவில் நிற்கும் பெண்ணின் வசதியை எந்தக் காகிதத்தை வைத்து அளப்பது? பாஸ்புக் அவரிடம் இருக்கும், ஏ.டி.எம். கார்டு கணவரிடம் இருக்கும்.

ஆனால் நம் தாராளத்துக்குப் பின்னால் கருணை மட்டும் இருக்கிறது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இங்கிலாந்தில் சார்ஜ் போட முடிகிறதென்றால், மணமுறிவில் அங்கே மனைவிக்கு வீடு கிடைக்கிறது என்று அர்த்தம். இங்கே கணவன் பெயரில் உள்ள வீட்டில் மனைவிக்குப் பங்கு தரும் பொதுவான சட்டம் இல்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் குடியிருக்கும் உரிமையைத் தரும், பத்திரத்தில் பெயரைத் தராது. இல்லத்தரசியின் உழைப்பும் சொத்துச் சேர்ப்பில் பங்களிப்புதான் என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தபோது அது செய்தியானதே, நிலைமை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. வீடே கைக்கு வராதபோது எதன் மேல் சார்ஜ் போடுவது?

வாய்ப்புள்ள இடத்தில் நம் சட்டமும் போட்டிருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் கட்டளை, கோர்ட் கட்டணம் கட்ட வழியில்லாதவர் வழக்குப் போட அனுமதிக்கிறது. 1976 வரை அவருக்குப் பாப்பர் என்று பெயர், அதாவது பரம ஏழை. பிறகு சொல் நாகரிகமானது, உள்ளே இருப்பது மாறவில்லை. அவர் ஜெயித்தால், கட்டாத கட்டணம் வழக்குச் சொத்தின் மீது முதல் சார்ஜ் என்கிறது 10ஆம் விதி. தமிழ்நாட்டில் 2017இல் மதிப்புவழிக் கட்டணம் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. ஒரு கோடி ரூபாய் பிளாட்டுக்கு உரிமை கோரும் சிவில் வழக்கென்றால் அதுவே 3 லட்சம். பிளாட்டுக்குப் பணம் போட்டது நான்தான் என்று நிரூபித்து வெல்லும் பெண்ணின் வீட்டில் முதலில் குந்துவது அரசாங்கம். இங்கிலாந்தைக் குறை சொல்லும் நாம் நம் மூலையில் கிடக்கும் இதையும் பார்க்க வேண்டும். சட்டப் பணிகள் ஆணையத்தின் வழியே போனால் கட்டணத்தை ஆணையமே ஏற்க இடமுண்டு. அது தெரியாமல் தானாக மனுப் போட்டவருக்குத்தான் இந்தத் தண்டனை.

ஆனால் மயிலாப்பூரிலும் தி. நகரிலும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கி, அந்த இலவச வக்கீலைத் தேடிப் போகத் தயங்குகிறார்கள். "ஓசி வக்கீல் வாய்தா வாங்கத்தான் லாயக்கு" என்று வீட்டிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். குறைந்த ஊதியத்துக்குப் பொறுப்பாக வாதாடுகிறவர்களுக்கு இது அநியாயம்தான், என்றாலும் பேச்சு நிற்கவில்லை. தனியார் வக்கீல் என்றால் முன்பணம் வேண்டும். வழக்கில் வரும் தொகையில் பங்கு பேச பார் கவுன்சில் விதி இடம் தராது. பீஸ் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்துவைக்கவும் கூடாது என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டும் நல்ல விதிகள். அவற்றின் மறுபக்கம், பணம் முதலிலேயே கைக்கு வர வேண்டும் என்பது. எங்கிருந்து வரும்? உஸ்மான் ரோட்டில் கல்யாணத்துக்கு வாங்கிய நெக்லஸ், அதே தெருவை ஒட்டிய நகைக்கடன் கவுண்டரில் தராசு ஏறுகிறது. கல்லைக் கழித்து எடை போடுவார்கள், செய்கூலியும் சேதாரமும் கணக்கில் வராது, மிஞ்சிய மதிப்பில் முக்கால் பங்கு போலக் கையில் வரும். வீட்டுக்கு வராத சார்ஜ் கழுத்துக்கு வந்துவிடுகிறது. இது எந்த ஈசியிலும் ஏறாது.

இதைத் தடுக்கத்தான் இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இருக்கிறது. வசதியில்லாத துணைக்கு இடைக்கால ஜீவனாம்சத்தோடு வழக்குச் செலவையும் மற்றவர் தர வேண்டும், இயன்றவரை நோட்டீஸ் கைக்குக் கிடைத்த 60 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் இரு தரப்பும் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் தர வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் விதித்தது. இரண்டும் காகிதத்தில் இருக்கிற வேகத்தில் நடந்தால் நகைக்கடன் கவுண்டரில் கூட்டம் குறையும்.

ஆகவே என் தீர்ப்பு இது. உதவி பெற்றவள் வீட்டின் மீது சார்ஜ் போடும் முறை, அது இங்கிலாந்துடையதானாலும் நம் 33ஆம் கட்டளையானாலும், குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை தவறு. பொதுப்பணம் திரும்ப வேண்டும் என்றால் வசதியுள்ள எதிர்த்தரப்பிடம் வழக்குச் செலவாக வசூலிக்கட்டும். நம் சட்டம் இங்கிலாந்தைவிட மேல்தான், ஆனால் கொடுத்ததைப் பெறவைக்கும் உறுதியில்லாத மேன்மை அது.

சார்ஜ் என்ற ஆயுதத்தையே தூக்கிப் போடச் சொல்லவில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவு நிரந்தர ஜீவனாம்சத்துக்கு, கொடுக்க வேண்டியவரின் அசையாச் சொத்தின் மீது சார்ஜ் ஏற்படுத்தலாம் என்கிறது. மாதாமாதம் பணத்தை எதிர்பார்த்து, நின்றதும் நிறைவேற்று மனு போட்டு அலைவதைவிட இது பலமானது. மனுவில் அந்த ஒரு வரியைச் சேர்த்துக் கேட்க வேண்டும். வரம்பும் உண்டு. அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் இருந்தால் வங்கிக்குத்தான் முதல் உரிமை. மனைவியும் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட்டிருந்தால் டிகிரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, வந்த பிறகும் வங்கி அவரை விடாது, வங்கிக்கு விவாகரத்து ஒரு பொருட்டே இல்லை. இன்னொன்று, சார்ஜ் இருப்பது தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. டிகிரி நகலை அந்தப் பகுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுக்குக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து ஈசி போட்டு, கணவர் பெயருக்கு நேரே அந்த வரி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.