நாலு பூஜ்யம்

வாசலுக்கு ஒரு பூட்டு, பீரோவுக்கு ஒரு பூட்டு, டூவீலருக்கு சைடு லாக். செல்போனுக்கு விரல் ரேகை, முகம், புள்ளிக்கோலம் போடுகிற மாதிரி ஒரு பேட்டர்ன். எல்லாம் சரி. போனுக்குள் நகம் அளவில் ஒரு சிம் கார்டு இருக்கிறதே, அதைப் பூட்டியிருக்கிறீர்களா? பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர், "அதுக்குக்கூட பூட்டு இருக்கா சார்?" என்பார்கள்.

இருக்கிறது. 1991-ல் பின்லாந்தின் ரேடியோலின்ஜா கம்பெனிக்காக ஜெர்மனியில் முதல் சிம் கார்டுகள் தயாரானதே, அந்தத் தலைமுறையிலிருந்தே இருக்கிறது. நாலு முதல் எட்டு இலக்கம் வரை ஒரு பின் நம்பர். போனை அணைத்துப் போட்டாலோ, கார்டை வேறு போனில் செருகினாலோ கேட்கும். சரிபார்ப்பது போன் அல்ல, சிம்மிலுள்ள சில்லு. மூன்று முறை தப்பானால் பூட்டிக்கொள்ளும். அப்புறம் எட்டு இலக்க பி.யு.கே. எண் வேண்டும். அதையும் பத்து முறை தப்பாகப் போட்டால் கார்டு காலி. நாலு இலக்கத்தில் பத்தாயிரம் எண்கள்; திருடனுக்குக் கிடைப்பது மூன்றே சான்ஸ். அருமையான பூட்டு!

இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? உங்கள் விரல் ரேகையைத் திருடன் சீண்டவே மாட்டான். ஒரு குண்டூசியால் சிம்மை வெளியே எடுத்து, ஒரு பட்டன் போனில் போடுவான். உங்களுக்கு வரவேண்டிய ஓ.டி.பி. எல்லாம் அவனுக்கு வரும். உங்கள் நம்பரில் வாட்ஸ்அப் திறந்து, "அவசரம், பத்தாயிரம் அனுப்பு" என்று மச்சானுக்கே மெசேஜ் போகலாம். ஒரு பின்னால் திறப்பதை இன்னொரு பின்தான் தடுக்க முடியும்.

என் புகார் பூட்டின் மேல் இல்லை, விற்கிறவர்கள் மேல். ஜெர்மனியில் சிம் வாங்கினால் பொதுவாக அந்தக் கார்டுக்கென்றே ஒரு பின்னும் பி.யு.கே.யும் சேர்ந்து வரும். நம் ஊரில் திறந்தே கொடுக்கிறார்கள். நாமாகப் பூட்டப் போனால், "முதலில் பழைய பின்னைச் சொல்" என்கிறது போன். பழைய பின்னா? அது கம்பெனி வைத்தது. பெரும்பாலும் நாலு பூஜ்யம், அல்லது 1234. எது என்று யாரும் சொல்வதில்லை. ஊகித்து மூன்று முறை தட்டினால் மாட்டிக்கொள்வது நாம்தான். பி.யு.கே. அச்சடித்த அட்டை இருந்தாலும், கடைக்காரர் சிம்மை உடைத்து எடுத்த கையோடு குப்பைக்கூடைக்குப் போய்விடும். கேட்டால், "அதெல்லாம் போடாதீங்க சார், லாக் ஆயிடும்" என்று அறிவுரை வேறு. பூட்டு என்றால் லாக் ஆகத்தானே செய்யும்!

பி.காம். ஆடிட்டிங் பாடத்தில் ஆரம்பத்திலேயே சொல்லித் தருவார்கள்: சொத்தின் மதிப்பு ஏறினால் காவலும் ஏற வேண்டும். தொண்ணூறுகளில் சிம் திருட்டுப்போனால் நஷ்டம், டெலிபோன் பில். 2009-ல் ஆன்லைன் கார்டு பரிவர்த்தனைக்கு இரண்டாவது சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. வங்கிகள் அந்த இரண்டாவது சாவியை சிம்மில் கொண்டுபோய்த் தொங்கவிட்டன. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. அதுவும் கணக்கைப் பதிவு செய்யும்போது சிம்மைத்தான் தேடுகிறது. காவலுக்கு இருப்பது என்னவோ அதே நாலு பூஜ்யம். வங்கி கேட்டால் சிம் கம்பெனி வேலை என்கும். கம்பெனி கேட்டால் கஸ்டமர் விருப்பம் என்கும். நஷ்டக் கணக்கு மட்டும் நம் பெயரில்.

இந்த பின் சர்வரோக நிவாரணி அல்ல. யாராவது உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கினால் இது தடுக்காது. ஓடிக்கொண்டிருக்கிற போனைப் பறித்தால், அணைக்கும் வரை சிம் திறந்தேதான் இருக்கும். அதனால் பூட்டிய திரையில் மெசேஜ் தெரியாதபடி வையுங்கள். ஆனால் திருடன் முதல் காரியமாக போனை அணைப்பான் அல்லது சிம்மைப் பிடுங்குவான். எதைச் செய்தாலும் பூட்டு விழும்.

இன்றே கஸ்டமர் கேரில் பழைய பின்னையும் பி.யு.கே.யையும் கேட்டு வாங்குங்கள். செட்டிங்ஸில் 'சிம் லாக்' அல்லது 'சிம் பின்' என்று தேடி, பூட்டி, எண்ணை மாற்றுங்கள். பிறந்த வருஷம் வேண்டாம், ஏ.டி.எம். நம்பரும் வேண்டாம். பி.யு.கே.யை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள், போனுக்குள் அல்ல.

கம்பெனிகளுக்கு ஒரே வேண்டுகோள். திண்டுக்கல்லில் பூட்டு வாங்கினால் சாவியையும் கையில் கொடுத்துத்தான் காசு வாங்குவார்கள். ஊருக்கெல்லாம் ஒரே சாவி போட்டு விற்கவும் மாட்டார்கள்.