பாடாமல் விட்ட விருத்தம்

செஞ்சி வட்டாரத்துக் கூத்து ரசிகர்களுக்கு இந்த வருஷம் ஒரே குறைதான்: கர்ணன் வேஷக்காரருக்குக் குரல் போய்விட்டதாம். ராஜகிரி அடிவாரத்து டீக்கடை வரை இதே பேச்சு. நான் அடித்துச் சொல்கிறேன், குரல் அப்படியேதான் இருக்கிறது. அவர் ஒரு விருத்தத்தைத் தெரிந்தே விட்டார்.

கர்ண மோட்சத்தில் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடம். விடிய இரண்டு மணி நேரம் இருக்கும். முகவீணை சுருதி பிடித்துக் கொடுத்தாயிற்று, மத்தளம் அடங்கியாயிற்று, பின்பாட்டுக்காரர் மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். கட்டை வேஷத்தின் கனத்தோடு கர்ணன் நின்றார். புஜக்கட்டையின் கயிறு தளர்ந்து தொங்கியது. அதை இடது கையால் இழுத்து, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார். போருக்குப் போகிறவன் செய்கிற காரியம் அது. பொண்டாட்டி கட்டிவிட வேண்டிய முடிச்சு. பிறகு அவள் பக்கம் திரும்பாமல் களரியை ஒரு சுற்றுச் சுற்றித் திரைக்குள் போய்விட்டார். முன்னால் இருந்த பையன்கள் விசிலடித்தார்கள். என் பக்கத்தில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை மட்டையைத் தூக்கி விடுகிறவனுக்கு அடிக்கத் தெரியவில்லை என்றா சொல்கிறோம்? கூத்தில் மட்டும் ஏன் அந்த மரியாதை கிடைப்பதில்லை?

சினிமாவில் இயக்குநர் மகேந்திரனுக்கும் இதே அநியாயம்தான் நடந்தது. மெதுவாகப் போகும் படம், வசனம் குறைவு என்று முத்திரை குத்தி ஒதுக்கினார்கள். பாராட்டியவர்களும் அதையேதான் சொன்னார்கள். 'தங்கப்பதக்கம்' எழுதிய கை அது என்பதை மறந்துவிட்டார்கள். முதலில் நாடகமாக வந்து, 1974இல் படமான அந்தக் கதையில் ஒவ்வொரு வசனத்துக்கும் கொட்டகை அதிர்ந்தது. எந்த வார்த்தைக்கு எந்த வரிசையிலிருந்து கைதட்டு எழும் என்று அளந்து எழுதத் தெரிந்தவர். அப்படிப்பட்டவர் நான்கே வருஷத்தில், தானே இயக்க வந்தவுடன், அந்தக் கைதட்டை வேண்டாமென்று விடுகிறார்.

'முள்ளும் மலரும்' கடைசிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையை இழந்த விஞ்ச் ஆபரேட்டர், தங்கையை அவள் விரும்பிய இன்ஜினியரிடமே ஒப்படைக்கிறான். வேறு எவர் எழுதியிருந்தாலும் அங்கே இரண்டு பக்கத்துக்கு மன்னிப்பும் கண்ணீரும் இருந்திருக்கும். இவன் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போதும் உங்களைப் பிடிக்கவில்லை என்று அந்த ஆளின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறான். அவ்வளவுதான் பேச்சு. வீம்பும் குறையவில்லை, பாசமும் குறையவில்லை. தமிழ் சினிமாவில் ஒரு பாத்திரம் கடைசி ரீலில் திருந்தாமலே பெரிய மனுஷன் ஆனது அங்கேதான் என்பேன்.

இந்தத் துணிச்சல் அவருக்கு வாசிப்பிலிருந்து வந்தது என்பது என் கட்சி. உமாசந்திரன், புதுமைப்பித்தன், பொன்னீலன், சிவசங்கரி என்று எழுத்தாளர்களிடமே போய்க்கொண்டிருந்தார். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஓர் இழையை மட்டும் உருவிக்கொண்டு 1979இல் 'உதிரிப்பூக்கள்' நெய்தார். இன்னொரு வேர் காரைக்குடி அழகப்பா கல்லூரி மேடையில் இருக்கிறது. மாணவராக இருந்தபோது, அன்றைய உச்ச நாயகனை மேடையில் வைத்துக்கொண்டே சினிமா டூயட்டின் பொய்யைப் போட்டு உடைத்துப் பேசியவர். ஊரில் ஒருத்தன் காதலித்தால் தெருவே திரண்டு வருகிறது, படத்தில் மரத்தைச் சுற்றிப் பாடினால் ஒருவரும் எட்டிப்பார்ப்பதில்லையே என்ற அந்தக் கோபம் கடைசி வரை ஆறவில்லை.

இளையான்குடிக்காரரான மகேந்திரனுக்கும் எங்கள் மேலச்சேரி திரௌபதி அம்மன் வட்டாரத்துக் கூத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் எடுத்த முடிவு ஒன்று. குரல் வற்றியவன் அந்த இடத்தில் விருத்தத்தைச் சுருக்குவான், அல்லது பின்பாட்டிடம் தள்ளிவிடுவான். முடிச்சைப் பல்லால் இழுக்க மாட்டான்.

இனி நடக்கப்போவதையும் சொல்கிறேன். பஞ்ச் வசனத்துக்கு இன்னும் ஐந்து வருஷம்தான் ஆயுள். செல்போனில் அரை நிமிஷத் துண்டாகவே அவற்றைப் பார்த்துச் சலித்த பிள்ளைகள், பேசாத முகத்தைத் தேடி வருவார்கள். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கிளம்பும் புது இயக்குநர்களில் ஒருவராவது திரௌபதி அம்மன் விழாவின் படுகளத்து விடியலை வசனமே இல்லாமல் எடுப்பார். அந்தப் படம் ஓடும்.

கர்ணன் வேஷக்காரர் வரும் சித்திரையில் மறுபடி பாடுவார். ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கு வைக்கும்போதே விருத்தம் முழுசாக வேண்டும் என்று கேட்டு வாங்கிவிடுவார்கள். நான் பார்க்கக் காத்திருப்பது அவருக்கு எதிரே பொன்னுருவி கட்டுகிற பையனை. அன்றைக்கு அவர் முடிச்சுப் போட்டபோது அவன் கை தானாக அரையடி நீண்டு, நடுவிலேயே நின்றுவிட்டது. அவனுக்குப் புரிந்துவிட்டது. இன்னும் மூன்று சித்திரை போகட்டும், கர்ணன் அவன் தோளில்தான் ஏறும்.