கோச் யார் என்பது பாதிக் கேள்விதான்

போடிநாயக்கனூரிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கும் மேல். கொச்சி அதில் பாதித் தொலைவுகூட இல்லை. போடிமெட்டு வளைவுகளில் ஏறி, பூப்பாறை, மூணாறு வழியாக இறங்கிவிடலாம். விடியற்காலையில் ஏலத் தோட்டங்களுக்கு ஜீப் ஏறுகிறவர்களும், மேலேயே லயங்களில் குடியிருப்பவர்களும் இரண்டு மாநிலத்துக்கும் பழகியவர்கள். அதனால் இந்தச் சரிவில் கால்பந்துப் பேச்சும் இரண்டு பக்கம் போகும். ஒருவர் சென்னையின் எஃப்சி என்றால், பக்கத்தில் இருப்பவர் கேரளா பிளாஸ்டர்ஸ் என்பார். மூணாறில் தேயிலைத் தோட்ட அணிகள் மோதும் ஃபின்லே ஷீல்டு போட்டி தலைமுறைகளாக நடந்துவருகிறது. இந்த மலைக்குப் பந்து டிவி பார்த்து வந்த பழக்கம் என்று சொல்லிவிட முடியாது.

இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடங்கிய 2014-ல்தான் இந்த இரண்டு அணிகளும் பிறந்தன. இரண்டிலும் தலைமைப் பயிற்சியாளர் நிலைத்ததைவிட மாறியதே அதிகம். ஒருவர் போனதும் 'அடுத்த கோச் யார்?' என்ற விவாதம் கிளம்பிவிடும். இதை வெறும் அரட்டை என்று தள்ளுகிறவர்கள் உண்டு. ரசிகன் குரலே மகேசன் குரல் என்று தூக்கிப்பிடிக்கிறவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை. ரசிகர்கள் பயிற்சியாளரை எடைபோடுவதில் கெட்டிக்காரர்கள். அவரைத் தேர்ந்தெடுத்தவர்களை எடைபோடுவதில் சுணக்கம் காட்டுகிறார்கள். அந்தச் சுணக்கத்தால் ஆதாயம் அடைவது நிர்வாகம்.

முதலில் விவாதத்தின் பலத்தைப் பார்ப்போம். கிளப் வெளியிடும் அறிவிப்பில் ஒவ்வொரு புதிய பயிற்சியாளரும் புதிய யுகத்தின் தொடக்கம். பழைய கணக்கை வைத்திருப்பவர் ரசிகர் மட்டுமே. சென்னையின் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். 2015-ல் மட்டெராஸியின் கீழ் முதல் கோப்பை. 2018 மார்ச்சில் ஜான் கிரெகரியின் கீழ், பெங்களூரை அதன் சொந்த மைதானத்திலேயே 3–2 என வென்று இரண்டாவது கோப்பை. அடுத்த சீசனில் அதே கிரெகரி, 18 ஆட்டங்களில் 2 வெற்றி, பட்டியலின் கடைசி இடம். 2019 டிசம்பரில் வந்த ஓவன் கோயில், தடுமாறிக்கொண்டிருந்த அணியை 2020 மார்ச்சில் இறுதிப் போட்டிக்கே கொண்டுபோனார். பிறகு சாபா லாஸ்லோ, போஸிதார் பாந்தோவிச், தாமஸ் பிர்தாரிச் என்று சீசனுக்கு ஒருவராக வந்தார்கள். மூன்று சீசனிலும் அணி முடித்தது எட்டாம் இடத்தில். இதில் பாந்தோவிச் பாதியிலேயே போக, மிச்ச ஆட்டங்களைச் சையத் சபீர் பாஷா பார்த்துக்கொண்டார். இந்த வரிசையை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் ரசிகர் நிர்வாகத்துக்குச் சங்கடமான சாட்சி.

இரண்டாவது பலம், ரசிகர் கேட்கும் உள்ளூர்க் கேள்வி. காரைக்குடிப் பக்கம் கண்டனூரில் பிறந்த சிவசக்தி நாராயணன், 2022–23 சீசனின் வளரும் வீரர் விருதைப் பெங்களூர் அணிச் சட்டையில் வாங்கினார். அப்படியானால் தமிழ்நாட்டுப் பையன்களைச் சென்னை அணி ஏன் முதலில் கண்டுபிடிக்கவில்லை, வரப்போகிறவர் அவர்களை ஆடவிடுவாரா என்று கேட்பது நியாயம். பயிற்சியாளரின் கோப்பைப் பட்டியலில் இதற்குப் பதில் கிடைக்காது.

மூன்றாவது, அழுத்தம். இந்த விவாதம் உச்சத்துக்குப் போன இடம் பிளாஸ்டர்ஸின் கொச்சி. இவான் வுகோமானோவிச் 2021 முதல் மூன்று சீசனும் பிளாஸ்டர்ஸைப் பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோனவர். 2023 மார்ச்சில் சுனில் சேத்ரி விரைவாக அடித்த ஃப்ரீ கிக்கை எதிர்த்து அணியையே மைதானத்திலிருந்து வெளியே அழைத்துச்சென்றார். அதற்காக அவருக்கு 10 ஆட்டத் தடையும் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் விழுந்தன. ரசிகர்களுக்கோ அவர் 'ஆசான்' ஆகவே இருந்தார். கோப்பை இல்லாமலேயே 2024 ஏப்ரலில் அவர் விலக, ஸ்வீடன்காரரான மிக்கேல் ஸ்டாரே வந்தார். 12 ஆட்டங்களில் 7 தோல்வி. அப்போது மஞ்ஞப்பட ரசிகர் அமைப்பு காட்டிய எதிர்ப்பு கவனிக்கத்தக்கது: அது ஸ்டாரேயோடு நிற்காமல் நிர்வாகத்தைக் குறிவைத்தது. முந்தைய சீசனில் 13 கோல் அடித்து லீகிலேயே முதலிடம் பிடித்த தியாமந்தாகோஸும், நடுக்களத்து ஜீக்சன் சிங்கும் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்ட அணியை வைத்து யார்தான் என்ன செய்ய முடியும் என்பதே அவர்களுடைய கேள்வியின் சாரம்.

நிர்வாகம் என்ன செய்தது? 2024 டிசம்பர் 16 அன்று ஸ்டாரேயை நீக்கியது. பொறுப்பை டி.ஜி. புருஷோத்தமனிடம் தற்காலிகமாகக் கொடுத்து, 2025 மார்ச்சில் டேவிட் கட்டாலாவைக் கொண்டுவந்தது. சீசன் எட்டாம் இடத்தில் முடிந்தது. கேள்வி அணி கட்டமைப்பைப் பற்றியது. பதிலோ பயிற்சியாளரின் வேலையைப் பறித்தது. ஆளை மாற்றுவது கிளப்புக்குக் கிடைக்கும் மலிவான பதில். 'யார் வருவார்' என்று ரசிகர்கள் ஊகிக்கத் தொடங்கியதும் 'ஏன் இப்படி ஆனது' என்பது அடங்கிப்போகிறது. இந்த விவாதத்தின் முதன்மையான குறை இதுதான்.

மற்றக் குறைகள் இதன் கிளைகள். பெயர் மயக்கம் அதில் ஒன்று. 2025 ஜூலையில் இந்திய அணியின் பயிற்சியாளர் பதவிக்கு 170 விண்ணப்பங்கள் வந்தன. அதில் பார்சிலோனா புகழ் சாவியின் பெயரும் இருக்கிறது என்று செய்தி கிளம்பியதும் நாடே பரபரத்தது. கடைசியில் அந்த மின்னஞ்சல் உண்மையானதல்ல என்று கால்பந்து சம்மேளனமே சொன்னது. அந்த இரண்டு நாளும் காலித் ஜமீல், ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்டெஃபான் தார்கோவிச் என்ற உண்மையான இறுதிப் பட்டியலைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

அடுத்தது பழைய பாசம். ஓவன் கோயில் 2023-ல் சென்னைக்குத் திரும்பியபோது எதிர்பார்ப்பு ஏறியது. இடையில் ஜாம்ஷெட்பூருக்கு 2021–22 லீக் ஷீல்டை வாங்கிக்கொடுத்தவர் அவர். வந்த முதல் சீசனில் ஆறாம் இடமும் பிளே-ஆஃபும். அடுத்ததில் பதினொன்றாம் இடம். போடி ஏல மையத்தில் வியாபாரி, மாதிரித் தட்டிலிருந்து கை நிறைய ஏலக்காயை அள்ளி நிறம், பருமன், லிட்டர் எடை பார்த்துத்தான் விலை சொல்வார். தட்டில் இருப்பதுதான் மூட்டையிலும் இருக்கிறது. பயிற்சியாளர் விஷயத்தில் நாம் பார்க்கும் மாதிரி வேறொரு அணியில், வேறு வீரர்களோடு விளைந்தது. கோயிலின் 2020 ஓட்டத்தையும் ஜாம்ஷெட்பூர் ஷீல்டையும் 2024 அணிக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது அந்தப் பிழை.

பாஸ்போர்ட் சண்டை இன்னொன்று. 2024–25 தொடங்கும்போது 13 ஐஎஸ்எல் அணிகளில் இந்தியர் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவை ஜாம்ஷெட்பூரும் ஹைதராபாத்தும் மட்டுமே. 2017-ல் ஐஸால் என்ற சிறு அணிக்கு ஐ-லீக் பட்டம் வாங்கித் தந்த காலித் ஜமீலும், 2023-ல் ஒடிசாவுக்குச் சூப்பர் கோப்பை வாங்கித் தந்த கிளிஃபர்ட் மிராண்டாவும் கதவு திறக்க வெகுகாலம் காத்திருந்தவர்கள் என்பது உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் ஜமீல் இந்திய அணிக்கு வந்தபோது 'நம்மாள்' என்று கொண்டாடியவர்களில் பலர், அக்டோபரில் சிங்கப்பூரிடமும் நவம்பரில் வங்கதேசத்திடமும் தோற்றதும் குரலை மாற்றிக்கொண்டார்கள். வந்து நான்கு மாதம்கூட ஆகாதவர்மீது பல ஆண்டுப் பலவீனத்தின் பாரம் ஏறியது.

பொறுமையின்மைக்கு ஆய்வும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. நெதர்லாந்து லீகின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் டெர் வீல், சரிவில் இருந்த அணிகள் பயிற்சியாளரை நீக்கியபின் மீண்டதைக் கண்டார். அதே மாதிரிச் சரிந்தும் நீக்காமல் விட்ட அணிகளும் கிட்டத்தட்ட அதே அளவு மீண்டிருந்தன. சரிவு பெரும்பாலும் தானாகவே தேறும். பெயர் புதிதாக வந்தவருக்குப் போகும்.

இதற்கு ரசிகர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. என்ன தகுதி பார்த்து ஆள் எடுத்தோம், எத்தனை சீசன் தரப்போகிறோம், வீரர்களை வாங்குவதில் அவருக்கு எவ்வளவு குரல் என்று இங்கே கிளப்புகள் சொல்வது அரிது. தகவல் இல்லாத இடத்தில் ஊகம்தான் முளைக்கும். 2025 ஜூலையில் ஐஎஸ்எல்லையே நிறுத்திவைத்தார்கள். லீக் நடக்குமா என்பதே தெரியாதபோது எந்தப் பயிற்சியாளராலும் திட்டம் தீட்ட முடியாது. அந்த மாதங்களில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் சம்மேளனத்துக்கும் உரிமையாளர்களுக்கும் உரியவை.

ரசிகர் அதிகாரம் உச்சத்தில் உள்ள இடங்களைப் பார்த்தால் வழி தெரிகிறது. பார்சிலோனாவில் உறுப்பினர்கள் வாக்களிப்பது தலைவருக்கு. 2021-ல் ஜோன் லபோர்ட்டா அப்படித்தான் திரும்பி வந்தார். பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது அந்தத் தலைவரின் பொறுப்பு. தவறினால் அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் கிளப்பின் பெரும்பான்மை வாக்குரிமை உறுப்பினர் கையில் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. நம் கிளப்புகள் தனியார் கம்பெனிகள். ரசிகருக்கு வாக்கு இல்லை, டிக்கெட் மட்டுமே உண்டு. போராட்டத்துக்குப் பிறகு 2025 தொடக்கத்தில் பிளாஸ்டர்ஸ் ரசிகர் ஆலோசனைக் குழு அமைக்க முன்வந்தது சிறிய அடி என்றாலும் சரியான திசையில் வைத்த அடி.

ஆகவே விவாதம் வேண்டாம் என்பது என் முடிவல்ல; அது இடம் மாற வேண்டும். புதியவர் அறிவிக்கப்படும் நாளில் அவர் பழைய கோப்பைகளை எண்ணுவதை விட்டுவிட்டு மூன்று விஷயம் கேட்கலாம்: எந்த ஆட்டமுறைக்காக இவரை எடுத்தீர்கள், அதற்கேற்ற வீரர்களை யார் வாங்குவார், எத்தனை சீசனுக்குப் பிறகு எதை வைத்து மதிப்பிடுவீர்கள்? 'கோச்சை நீக்கு' என்ற முழக்கத்துக்கு ஒரு நாள் அறிக்கையில் நிர்வாகம் பதில் சொல்லிவிடும். இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால், அடுத்த தோல்வி வரும்போது பயிற்சியாளரோடு சேர்ந்து தானும் மதிப்பெண் வாங்கியாக வேண்டும்.